பட்டம் இருந்தும் திறக்காத கதவு

சிலைகளில் நாம் காணும் அண்ணல் அம்பேத்கர் கோட்டு அணிந்திருக்கிறார். ஒரு கையில் அரசமைப்புச் சட்டம் இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிறோம், டிசம்பர் 6 அன்று மெழுகுவத்தி ஏற்றுகிறோம். சட்டம் எழுதியவர் அவர் என்பது நம் தெருவின் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போன இடங்களில் என்ன நடந்தது, அதிலிருந்து அவர் என்ன கற்றார், பின்னாளில் வேலைக்கான விதிகளை எழுதும் இடத்தில் அமர்ந்தபோது என்ன செய்தார் என்பதையெல்லாம் நாம் குறைவாகவே பேசுகிறோம். பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடி அலையும் நம் பிள்ளைகளுக்கு அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதிதான் இன்று அதிகம் தேவைப்படுகிறது.

மூடப்பட்ட படை வாசல்

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் என்ற படை முகாமில் பீமாராவ் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தவர். பம்பாய்ப் படையில் சேர்ந்த மகர் சாதியினருக்கு அங்கே கிடைத்தது சம்பளம் மட்டுமல்ல. படைவீரர்களின் பிள்ளைகள், ஆணும் பெண்ணும், கட்டாயம் படிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஊரில் பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாத ஒரு சாதிக்குப் படை முகாமே பள்ளிக்கூடம் ஆனது.

அண்ணல் கைக்குழந்தையாக இருந்த 1890-களின் தொடக்கத்திலேயே அந்த வாசல் மூடப்பட்டது. சில சாதிகள் மட்டுமே போர்க்குணம் கொண்டவை என்று ஆங்கிலேய அதிகாரிகள் ஒரு கொள்கை வகுத்து, மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள் ஒரே உத்தரவில் தகுதியற்றவர்கள் ஆனார்கள். அவர்களுடைய தோளின் வலிமை குறைந்துவிடவில்லை, விதிதான் மாறியது. முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் ஒரு மகர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் அதுவும் கலைக்கப்பட்டது. தேவைப்பட்டால் கூப்பிடுவதும் தேவை தீர்ந்தால் அனுப்பிவிடுவதுமான இந்த வழக்கத்தை நம் ஊர்க் கூலிக்காரர்கள் நன்றாகவே அறிவார்கள்.

பரோடாவில் பதினோரு நாட்கள்

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையால் 1913-இல் அண்ணல் அமெரிக்கா சென்றார். படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்து லண்டனில் படிப்பைத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால், அந்தப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்கு வந்தார்.

அன்றைய இந்தியாவில் அந்த அளவுக்குப் பொருளாதாரம் படித்தவர்கள் மிகச் சிலர். அப்படிப்பட்டவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகளில் இடம் கிடைக்காது என்று தெரிந்து, பார்சிகளின் சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டு தங்கினார். பதினோராம் நாள் காலை, அலுவலகம் புறப்படும் நேரத்தில், தடிகளோடு வந்த பார்சிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டார். இருவரும் ஏதோ காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். ஊரிலுள்ள பூங்கா ஒன்றில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். இந்த நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதிவைத்திருக்கிறார்.

மன்னர் வேலை கொடுத்தார், அலுவலகமும் நாற்காலியும் இருந்தன. ஆனாலும் வேலை பார்க்க முடியவில்லை. பணி ஆணையோடு வேலைப் பாகுபாடு முடிந்துவிடுவதில்லை என்பதை அண்ணல் தன் 26-ஆம் வயதில் தெரிந்துகொண்டார். தங்கும் இடம், குடிக்கும் தண்ணீர், உடன் பணிபுரிகிறவர்களின் நடத்தை எல்லாம் சேர்ந்ததே வேலை. இன்றும் வெளியூரில் பணி நியமனம் பெற்ற நம் ஆசிரியர்களும் செவிலியர்களும் வாடகை வீடு தேடும்போது முதல் கேள்வி எதைப் பற்றி வருகிறது என்பது நமக்குத் தெரியும்.

பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918 நவம்பரில் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்குச் சக பேராசிரியர்களே ஆட்சேபம் தெரிவித்தார்கள். அந்த வேலையில் சேர்த்த பணத்தோடும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உள்ளிட்டோர் செய்த உதவியோடும் 1920-இல் மீண்டும் லண்டன் சென்று படிப்பை முடித்தார். இதே சாகு மகராஜ்தான் 1902-லேயே தன் அரசுப் பணிகளில் காலியாகும் இடங்களில் பாதியைப் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கி ஆணையிட்டவர். ஒரு விதி கதவை மூடும் என்றால், இன்னொரு விதி அதைத் திறக்கவும் முடியும் என்பதற்கு அண்ணல் கண்முன்னே இருந்த சான்று அது.

நாடாவும் எச்சிலும்

1920-களில் பம்பாயின் பெரிய வேலைச் சந்தை பஞ்சாலைகள்தான். அங்கே ஆள் எடுப்பவர் ஜாபர் எனப்பட்ட மேஸ்திரி. அவர் தன் ஊர்க்காரர்களையும் தன் சாதிக்காரர்களையும் அழைத்துவருவார். தீண்டப்படாதோர் ஆலைக்குள் வந்தாலும் நூற்புப் பிரிவோடு சரி. அதிகக் கூலி தரும் நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடமாட்டார்கள்.

இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை நம் நெசவாளர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். தறியில் ஓடும் நாடாவில் தார் தீர்ந்ததும் புதுத் தார் போட வேண்டும். அந்த நூல் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி வெளியே இழுப்பது அன்றைய வழக்கம். ஒரே நாடாவில் பலர் வாய் வைக்க வேண்டிவரும். தீண்டப்படாதவர் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க முடியாது என்று மற்றத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஒருவரின் எச்சில் நுரையீரல் நோயைப் பரப்பக்கூடும் என்ற கவலை உண்மையில் எல்லோருக்குமே இருந்திருக்க வேண்டும். அந்த அபாயத்தைப் பொறுத்துக்கொண்டவர்களால் சாதியை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே நின்றார்கள். தலைவர்களிடம் அண்ணல் ஒரு நிபந்தனை வைத்தார். எல்லாப் பிரிவுகளிலும் வேலை செய்யும் உரிமை தீண்டப்படாதோருக்கும் உண்டு என்பதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் தன் மக்களை வேலைநிறுத்தத்திலிருந்து விலகச் சொல்வேன் என்றார். தலைவர்கள் அரைமனதோடு சேர்த்தார்கள். அந்தக் கோரிக்கையைப் பார்த்த முதலாளிகள், இந்த அநியாயம் எங்களால் வந்தது அல்லவே என்று கையை விரித்தார்கள்.

முதலாளி தொழிலாளியைக் காட்டுகிறார், தொழிலாளியோ வழக்கத்தைக் காட்டுகிறார். யாரும் பொறுப்பேற்காத இந்த இடத்தில்தான் சாதி பத்திரமாக இருக்கிறது என்பதை அண்ணல் கண்டுகொண்டார். தொழிலாளர் ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று அவர்மேல் பழி சொன்னவர்கள் உண்டு. நெசவுப் பிரிவின் கதவைச் சாத்தியபோதே அந்த ஒற்றுமை குலைந்துவிட்டது. அவர் செய்ததெல்லாம் அதை ஊரறியச் சொன்னதுதான்.

அதே 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் முறையைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். சிறு மானிய நிலத்துக்கும் ஊரார் தரும் தானியத்துக்கும் ஈடாக, மகர் குடும்பம் முழுவதும் இரவு பகல் பாராமல் அரசுக்கும் ஊருக்கும் வேலை செய்ய வேண்டும் என்பதே வதன். ஓலை கொண்டுபோவது, அதிகாரிக்கு வழிகாட்டுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது எல்லாம் அதில் அடங்கும். நம் ஊர்களின் வெட்டியான், தலையாரி வேலைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மசோதா அப்போது நிறைவேறவில்லை. இந்த முறையை ஒழிக்கும் சட்டம் 1958-இல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்தே வந்தது.

1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில், ரயில்வேயில் பணிபுரிந்த தீண்டப்படாத தொழிலாளர்களின் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அங்கே அவர் ஒவ்வொரு வேலையாக எடுத்துப் பேசினார். தண்டவாளப் பராமரிப்பில் கேங்மேனாகச் சேரும் நம்மவர் கேங்மேனாகவே சாகிறார். போர்ட்டர் வேலைகூட நமக்குக் கிடைப்பதில்லை. ஏனென்றால் போர்ட்டரை வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்வது ஸ்டேஷன் மாஸ்டர்களின் வழக்கம், தீண்டப்படாதவரை அவர்களால் வீட்டுக்குள் விட முடியாது. தொழிலாளர்கள் பார்ப்பனியம், முதலாளித்துவம் ஆகிய இரண்டையும் எதிர்த்துப் போராட வேண்டும் என்று அவர் அறிவித்தது இந்த மாநாட்டில்தான்.

எண் இல்லாத வாக்குறுதி

1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் நம் இரட்டைமலை சீனிவாசனும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அளித்தார்கள். அரசுப் பணிகளில் போதிய இடம் வேண்டும் என்றும், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்கள். உரிமை கேட்ட கூலியாளுக்கு வயல் வேலையை மறுப்பது, கடைச் சாமான் தராமல் விடுவது, பாதையை அடைப்பது என்று ஊர் எடுக்கும் ஆயுதம் எது என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

1932-இன் பூனா ஒப்பந்தம் அரசுப் பணிகளில் நியாயமான இடம் தர முயற்சி எடுக்கப்படும் என்றது. ஆனால் அதில் எண் எதுவும் இல்லை. 1934-இல் ஆங்கில அரசு வெளியிட்ட ஆணையில் முஸ்லிம்களுக்கு 25 சதவீதமும் மற்றச் சிறுபான்மையினருக்கு 8⅓ சதவீதமும் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோருக்கு எண் இல்லை. போதிய அளவில் தகுதியானவர்கள் கிடைக்கமாட்டார்கள் என்பது காரணம். நல்லெண்ணத்தை மட்டும் நம்பி விடப்பட்ட அந்த ஏற்பாட்டால் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை.

1941-இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உறுப்பினரான அண்ணல், மகர்களுக்குப் படையில் இடம் கேட்டு வலியுறுத்தினார். அதே ஆண்டு மகர் ரெஜிமென்ட் தொடங்கப்பட்டது. அவர் பிறந்த சமயத்தில் மூடிய வாசல், அரை நூற்றாண்டு கழித்து மீண்டும் திறந்தது.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இன்றைய மத்திய அமைச்சருக்கு நிகரான பதவி அது. அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேசையில் அமரும் முத்தரப்பு மாநாட்டுக்கு ஆகஸ்ட்டிலேயே தலைமை தாங்கினார். அக்டோபரில் வைஸ்ராயிடம் பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து நீண்ட மனு ஒன்றை அளித்தார். அரசுப் பணியில் எண் குறிப்பிட்ட ஒதுக்கீடு வேண்டும் என்பது அதன் முக்கியமான கோரிக்கை.

1943-இல் ஆணை வந்தது. மத்திய அரசு நேரடியாக நிரப்பும் பணிகளில் 8⅓ சதவீதம், அதாவது 12 இடத்துக்கு 1 இடம், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1946-இல் இது 12½ சதவீதமானது, அதாவது 8 இடத்துக்கு 1. நம் மாணவர்கள் எண்ணோடு சேர்ந்து வந்த மற்றவற்றையும் கவனிக்க வேண்டும். வயது வரம்பு மூன்று ஆண்டுகள் தளர்த்தப்பட்டது. தேர்வுக் கட்டணம் கால் பங்காகக் குறைக்கப்பட்டது. மேற்படிப்புக்குத் தனி நிதி ஒதுக்கப்பட்டது. ஆள் கிடைக்கவில்லை என்ற சாக்கை வாயால் மறுத்துக்கொண்டிருக்காமல், ஆள் வருவதற்கான வழியையும் சேர்த்தே அவர் கேட்டுப் பெற்றார்.

வேலைவாய்ப்பு அலுவலகங்கள் உருவானதும் அவர் பொறுப்பு வகித்த துறையின் கீழ்தான். போர்க்காலத்தில் தொழில் தெரிந்தவர்களுக்காகத் தொடங்கி, 1945-இல் படையிலிருந்து திரும்புவோருக்காக விரிவாக்கப்பட்டன. மேஸ்திரியின் தயவில் ஆள் எடுத்த காலத்தில், ஒரு பதிவேட்டில் பெயர் எழுதி, வரிசைப்படி அழைப்பது என்பது சிறிய மாற்றம் அல்ல. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 மணி நேரமாகக் குறைத்த 1946-இன் திருத்தச் சட்டத்துக்கும் அவருடைய உழைப்பே அடித்தளம். போர் நெருக்கடியில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் பெண்கள் வேலை செய்வதற்கு இருந்த தடை 1943-இல் நீக்கப்பட்டபோது கடும் கண்டனம் எழுந்தது. அந்தப் பெண்களுக்கு ஆண்களுக்கு இணையான கூலி என்பதை அவர் துறை நிபந்தனையாக்கியது. 1946-இல் தடை மீண்டும் வந்தது.

சட்டம் எழுதிய கை

இவ்வளவு அனுபவத்தோடும்தான் அவர் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் ஆனார். அரசு வேலையில் அனைவருக்கும் சம வாய்ப்பு என்கிறது 16-ஆவது பிரிவு. அதே பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, போதிய இடம் பெறாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு இட ஒதுக்கீடு செய்ய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இரண்டும் முரண்படவில்லையா என்று அரசியல் நிர்ணய சபையிலேயே கேள்வி எழுந்தது. கதவு மூடியிருந்த காலத்தின் விளைவைச் சரிசெய்யாமல் சம வாய்ப்பு என்பது நடைமுறைக்கு வராது என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றார். 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23-ஆவது பிரிவு வெட்டி வேலையைத் தடை செய்தது. வதன் முறையை எதிர்த்தவரின் கையெழுத்து அதில் இருக்கிறது.

1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, கல்லூரிச் சேர்க்கையிலும் முன்சீப் பணி நியமனத்திலும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் போராட்டம் எழுந்தது. முதல் சட்டத் திருத்தம் வந்தபோது, சட்ட அமைச்சராக இருந்து நாடாளுமன்றத்தில் அதை ஆதரித்து வாதாடியவர் அண்ணல். அந்த ஆண்டின் இறுதிக்குள்ளாகவே அவர் அமைச்சரவையிலிருந்து விலகிவிட்டார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

நமக்கு மீதி இருப்பது

அவர் கேட்டவற்றில் சில, காலம் கடந்து கிடைத்தன. 1930-இல் அவரும் இரட்டைமலை சீனிவாசனும் கேட்டபடி, சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தெளிவான குற்றமாக இருக்கிறது. 2015-இன் திருத்தம் அதைச் சேர்த்தது. கூலி உயர்வு கேட்டதற்காகவோ வழக்குப் போட்டதற்காகவோ ஊரே சேர்ந்து வேலை தர மறுத்தால், புகார் கொடுக்க இடமிருக்கிறது.

கிடைக்காதவையும் உண்டு. தனியார் ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இட ஒதுக்கீடு இல்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், ஒரே மாதிரியான தகுதியோடு வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. வடக்கே குடும்பப் பெயர் சாதியைச் சொல்லிவிடுகிறது. நம் பக்கம் பெயரில் சாதி இல்லாததால் ஊர் கேட்கிறார்கள், பிறகு தெரு கேட்கிறார்கள். அரசுப் பணியாக இருந்த துப்புரவும் காவலும் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும்போது, இட ஒதுக்கீடும் சேர்ந்தே போய்விடுகிறது. மேஸ்திரி புதுப் பெயரில் திரும்பிவருகிறார்.

நன்றாகப் படித்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம் பிள்ளைகளுக்குப் பலரும் அறிவுரை சொல்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கொலம்பியாவில் படித்தவருக்கே பரோடாவில் ஓர் அறை கிடைக்கவில்லை. அண்ணல் படிப்பதோடு நிற்கவில்லை. எந்த வேலையில் யார் இருக்கிறார்கள், எந்தப் பிரிவில் நாம் இல்லை, யார் சம்பளம் எவ்வளவு என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எழுத்தில் விதி கேட்டார்.

அந்தக் கணக்கை நாமும் கேட்கலாம். தமிழகத்தில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதற்குள் 3 சதவீதம் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாக இருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் ஓர் அலுவலகத்தில் இனச்சுழற்சி முறை எப்படிப் பின்பற்றப்படுகிறது, நிரப்பாத பின்னடைவுப் பணியிடங்கள் எத்தனை, துப்புரவு தவிர மற்றப் பணிகளில் நம்மவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். மனுவுக்கு 10 ரூபாய்க் கட்டணம். கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் நான்கு அலுவலகங்களின் கணக்கு கைக்கு வந்துவிடும். ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடப் போகும்போது, அந்தக் கணக்கையும் நான்கு பேருக்கு முன்னால் வாசித்துக் காட்டுவோம்.